குரு இல்லாமல் கித்தார் வாசிக்கலாமா?

பல வீடுகளில் ஒரு கித்தார் இருக்கிறது. பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்து இருப்பார்கள். அல்லது பரணில் போட்டு இருப்பார்கள். உறையின் மீது தூசி படிந்து இருக்கும். இரண்டு கம்பிகள் அறுந்து தொங்கும்.

"இதை யார் வாசிப்பது?" என்று கேட்டுப் பாருங்கள்.

"பையன் ஆசைப்பட்டு வாங்கினான். ஆறு மாதம் 'டொய்ங், டொய்ங்' என்று தட்டினான். அப்புறம் விட்டு விட்டான்" என்று அப்பா சொல்லுவார்.

"முறையாக ஒருவரிடம் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் வரவில்லை" என்று அம்மா சொல்லுவார்.

பையன் ஒன்றும் சொல்ல மாட்டான். தலையைக் குனிந்து கொள்ளுவான்.

இந்த வழக்கில் நான் பையன் கட்சி!

நல்ல குரு கிடைத்தால் அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது வேறு இல்லை. ஆனால் எல்லா ஊரிலும் குரு இருக்கிறாரா? இருந்தாலும், எல்லாருடைய கையிலும் பணம் இருக்கிறதா? இல்லாதவன் என்ன செய்வது? ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதானா?

இல்லை. தானாகவே கற்றுக்கொள்ளலாம். கற்றதை நாலு பேர் முன்னால் வாசிக்கவும் செய்யலாம். "நன்றாக வந்த பிறகு வாசிக்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது. இதுதான் என் கருத்து.

காத்திருந்து கெட்டவன் நான். அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

600 ரூபாய் கித்தார்

1994-ம் ஆண்டு. திருச்சியில் இருந்தோம். எனக்கு அப்போது 19 வயது. அப்பா ஒரு கடையில் கணக்கு எழுதினார். வீட்டில் ஐந்து பேர். மாதக் கடைசியில் சில்லரைக் காசைத் தேட வேண்டிய குடும்பம்.

பக்கத்துத் தெருவில் இருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போனார். அவரிடம் ஒரு பழைய கித்தார் இருந்தது. 600 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். நான் டியூசன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் 400 இருந்தது. மீதியை அம்மா கொடுத்தாள். அரிசிப் பானைக்குள் வைத்து இருந்த பணம் அது.

கித்தார் வந்து விட்டது. வாத்தியார் வரவில்லை. அவருக்குக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை.

பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் கிடைத்தது. எந்த விரலை எங்கே வைக்க வேண்டும் என்று படம் போட்டு இருந்தது. டேப் ரிக்கார்டரில் ஒரு பாட்டைப் போடுவேன். கேட்பேன். நிறுத்துவேன். திரும்பச் சுற்றுவேன். மறுபடியும் கேட்பேன். ஒரே வரியை நாற்பது தடவை கேட்டது உண்டு.

கம்பி அழுத்தி அழுத்தி விரல் நுனி சிவந்து போயிற்று.

"ஏன்டா, இப்படி வலியோட வாசிக்கணுமா?" என்று அம்மா கேட்பாள். பிறகு அவளே, "சரி, எனக்கு ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டேன்" என்பாள்.

"இன்னும் சரியா வரலைம்மா" என்பேன்.

அவள் கூடத்துக்கு வந்தால் நான் வாசிப்பதை நிறுத்தி விடுவேன். அவள் அடுக்களைக்குப் போன பிறகுதான் மறுபடியும் தொடங்குவேன். இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின.

கல்லூரியில் ஆண்டு விழா வந்தது. நண்பர்கள் என் பெயரைக் கொடுத்து விட்டார்கள். மேடை ஏறினேன். எதிரே 300 பேர்.

பாட்டின் முதல் பாதி நன்றாகப் போயிற்று. இரண்டாவது அடியில் ஒரு விரல் தவறிப் பக்கத்துக் கம்பியில் விழுந்தது. நான் நிறுத்தி விட்டேன். மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினேன். அதே இடம் வந்தது. அதே விரல் தவறிற்று. மூன்றாம் தடவையும் அப்படியே!

"தம்பி, வண்டி பஞ்சரா?" என்று பின்னால் இருந்து ஒருவன் கத்தினான். மண்டபமே சிரித்தது.

கீழே இறங்கி வந்தேன். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "குருகிட்ட போகாதவனுக்கு மேடை எதுக்குத் தம்பி?" என்று கேட்டார்.

அன்று இரவு கித்தாரைப் பரணில் போட்டேன். பிறகு 23 ஆண்டுகள் அதை எடுக்கவே இல்லை.

தவறு எங்கே?

"குரு இல்லாததால்தான் தோற்றேன்" என்று பல ஆண்டுகள் நினைத்துக் கொண்டு இருந்தேன். அது தவறு என்று இப்போது தெரிகிறது.

யோசித்துப் பாருங்கள். அன்று வரை நான் யார் முன்னாலும் வாசித்ததே இல்லை. ஒரே ஓர் ஆள் முன்னால்கூட இல்லை! என் முதல் ரசிகர்கள் 300 பேர். நீந்தத் தெரியாதவன் கடலில் குதித்தது போலக் குதித்தேன்.

வீட்டில் ஒரு ரசிகை இரண்டு ஆண்டுகளாகக் காத்துக்கொண்டு இருந்தாள். அவள் முன்னால் வாசித்து இருந்தால், விரல் தவறும்போது என்ன செய்ய வேண்டும் என்று கற்று இருப்பேன். எதுவும் ஆகாதது போல மேலே போக வேண்டும், அவ்வளவுதான். தனியாக வாசிக்கும்போது தவறினால் நின்று விடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் நிற்பதையே நான் பழகி வைத்து இருந்தேன். பழகியது மேடையிலும் வந்தது.

இதை எந்தக் குருவும் வாயால் சொல்லிக் கற்றுத்தர முடியாது. அடுத்தவர் காதுதான் கற்றுத்தர வேண்டும்.

1893-ல் பிறந்த இருவர்

குரு இல்லாமல் கற்ற இரண்டு பேரைப் பற்றிச் சொல்லுகிறேன். இருவரும் 1893-ம் ஆண்டில் பிறந்தவர்கள். ஒருவர் ஆண். ஒருவர் பெண்.

ஆணின் பெயர் ஆந்த்ரே செகோவியா. ஸ்பெயின் நாட்டில் லினாரெஸ் என்ற ஊரில் பிறந்தார். அந்தக் காலத்தில் கித்தாரைப் பெரிய சங்கீதக்காரர்கள் மதிப்பது இல்லை. "சாராயக் கடை வாத்தியம்" என்று ஒதுக்கி வைத்து இருந்தார்கள். வீட்டாருக்கும் பிடிக்கவில்லை. செகோவியா பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். 1909-ல், 16 வயதில், கிரனடா நகரில் முதல் கச்சேரி செய்தார். பிறகு உலகம் எங்கும் போய் வாசித்தார். கித்தாரைப் பெரிய சங்கீத மண்டபங்களுக்குக் கொண்டு போனவர்களில் முதன்மையானவர் அவர். கித்தார் வாசிக்கிறவர்கள் இன்றும் அவர் பெயரை மரியாதையுடன் சொல்லுகிறார்கள்.

பெண்ணின் பெயர் எலிசபெத் காட்டன். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டில் வளர்ந்தார். கறுப்பர் இனத்துப் பெண். ஏழை. சிறு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனார். காசு சேர்த்து, மூன்றே முக்கால் டாலருக்கு ஒரு கித்தார் வாங்கினார்.

அவருக்கு இடது கைப் பழக்கம். கித்தாரோ வலது கைக்காரர்களுக்காகச் செய்தது. "கம்பியை மாற்றிக் கட்டு" என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் கித்தாரையே தலைகீழாகப் பிடித்தார்! மற்றவர்கள் கட்டை விரலால் தடித்த கம்பியை மீட்டுவார்கள். அவர் கட்டை விரலால் மெல்லிய கம்பியை மீட்டினார். "தப்பு" என்று சொல்லவும் ஆள் இல்லை. அந்தத் தப்புதான் பிற்காலத்தில் அவர் பெயராலேயே ஒரு பாணி ஆயிற்று.

சிறுமியாக இருந்தபோதே சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். பிறகு கலியாணம் நடந்தது. குழந்தை பிறந்தது. "இந்த உலகப் பாட்டெல்லாம் வேண்டாம்" என்று கோவிலில் பெரியவர்கள் சொன்னார்கள். கித்தாரை விட்டு விட்டார். பல பத்து ஆண்டுகள் தொடவில்லை என்றே சொல்லலாம்.

வயதான காலத்தில் வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தார். கூட்டத்தில் தாயைத் தவற விட்டு அழுதுகொண்டு இருந்த ஒரு சிறுமியைக் கண்டார். அவளைத் தாயிடம் கொண்டு போய்ச் சேர்த்தார். அந்தக் குடும்பம் பாட்டையே தொழிலாகக் கொண்ட குடும்பம். சீகர் என்பது குடும்பப் பெயர். அவர்கள் வீட்டிலேயே அவருக்கு வேலை கிடைத்தது.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு கித்தார் தொங்கிற்று. வேலைக்காரப் பாட்டி ஒரு நாள் அதை எடுத்து வாசித்தார். வீட்டார் திகைத்துப் போனார்கள்.

1958-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அப்போது அவருக்கு 65 வயது! பிறகு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். சிறுமியாக இருந்தபோது கட்டிய சரக்கு ரயில் பாட்டு, கடல் கடந்தும் பரவிற்று. 1985-ல் அமெரிக்காவின் உயர்ந்த இசைப் பரிசான 'கிராமி' அவருக்குக் கிடைத்தது. வயது 92.

செகோவியா 1987-ம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார். எலிசபெத் காட்டனும் அதே 1987-ம் ஆண்டு அதே ஜூன் மாதம் காலமானார். இருவருக்கும் வயது 94.

ஒருவர் 16 வயதில் மேடை ஏறினார். இன்னொருவர் 60 வயதைத் தாண்டிய பிறகு ஏறினார். இருவரும் தானாகக் கற்றவர்கள். ஆகவே, "குரு இல்லை" என்பதும், "வயது போய்விட்டது" என்பதும் ஒரு காரணம் ஆகாது.

"எனக்கு விரல் குட்டை" என்று சிலர் சொல்லுகிறார்கள். அவர்களுக்கு ஜாங்கோ ரீன்ஹார்ட் கதையைச் சொல்ல வேண்டும். 1910-ல் பெல்ஜியம் நாட்டில் பிறந்த நாடோடிக் குடும்பத்துப் பையன். 1928-ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றி எரிந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கிப் போயின. மீதி இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு வாசிக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். 1934-ல் பாரிஸ் நகரில் அவர் இருந்த இசைக்குழு தொடங்கிற்று. பெரும் புகழ் பெற்றது. இசைக் குறிப்பைப் படிக்கக்கூட அவருக்குத் தெரியாது!

"நமக்கு எதற்கு?"

"கித்தார் மேல்நாட்டு வாத்தியம். நமக்கு எதற்கு?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வயலின் எங்கே பிறந்தது? அதுவும் மேல்நாட்டில்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். இது நடந்து சுமார் 200 ஆண்டுகள் ஆகின்றன. இன்று வயலின் இல்லாத கர்நாடக சங்கீதக் கச்சேரியைப் பார்ப்பது அரிது.

மாண்டலின் சீனிவாசை மறந்து விட முடியுமா? 1969-ல் ஆந்திராவில் பிறந்தவர். அவருடைய குரு சுப்பராஜு ஒரு பாடகர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! குரு பாடுவார். சிறுவன் அதைக் கேட்டுத் தானே கம்பியில் வழி கண்டுபிடிப்பான். சங்கீதம் குருவிடம் வந்தது. விரல் வித்தை சிறுவனிடம் பிறந்தது. 2014-ல், 45 வயதில், அவர் மறைந்தபோது நாடே வருந்திற்று.

வாத்தியத்துக்குச் சாதி இல்லை. ஊரும் இல்லை. வாசிக்கிறவனுடையதுதான் வாத்தியம்.

"சோறு போடுமா?"

அடுத்த கேள்வி இது. "கித்தார் சோறு போடுமா?"

போடாது. பெரும்பாலோருக்குப் போடாது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்ளுகிறேன்.

ஆனால் உங்கள் வீட்டு வாசலைப் பாருங்கள். காலையில் எழுந்து கோலம் போடுகிறார்கள். அது சோறு போடுகிறதா? கோலம் போட எந்தக் குருவிடம் போனார்கள்? அம்மா போட்டதைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் போட்டதைப் பார்த்தார்கள். புள்ளி தவறினால் காலால் அழித்து விட்டு மறுபடியும் போட்டார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்று வாசலில் போடுகிறார்கள். மாலைக்குள் அழிந்து விடுகிறது. மறுநாள் புதுக்கோலம்.

"கோலப் பரீட்சையில் பாஸ் செய்தீர்களா?" என்று யாராவது கேட்கிறார்களா?

தாலாட்டும் அப்படித்தான். சுருதி சுத்தமாக வந்த பிறகுதான் பாடுவேன் என்று ஒரு தாய் காத்திருந்தால், குழந்தை தூங்காது. கலியாணம் கட்டிக்கொண்டு போய்விடும்!

கித்தாரையும் கோலம் போல, தாலாட்டுப் போல நினைக்க வேண்டும். வீட்டுக்கு அழகு. மனத்துக்கு ஆறுதல். அது போதாதா?

எப்படித் தொடங்குவது?

கித்தாரில் ஆறு கம்பிகள். மேலே இருப்பது மிகத் தடித்தது. கீழே போகப் போக மெல்லியது. தடித்த கம்பியில் இருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று பெயர். கழுத்தின் குறுக்கே உலோகக் கட்டைகள் இருக்கும். வீணையில் 'மெட்டு' என்கிறோமே, அதே வேலைதான்.

முதலில் சுருதி சேர்க்கப் பழக வேண்டும். தடித்த கம்பியை ஐந்தாவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அந்த ஓசைதான் அடுத்த கம்பியின் ஓசை. அதற்குத் தகுந்தபடி அடுத்த கம்பியை முறுக்குங்கள். எல்லாக் கம்பிக்கும் இதே கணக்கு. ஜி கம்பிக்கு மட்டும் நான்காவது மெட்டு. இப்போது கைப்பேசியே சுருதி காட்டுகிறது. அதைப் பார்த்தும் சேர்க்கலாம். ஆனால் காதுக்கும் வேலை கொடுங்கள்.

அடுத்தது, 'கார்டு'. தபால் கார்டு அல்ல, ரேஷன் கார்டும் அல்ல! மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கச் செய்வதற்குத்தான் அந்தப் பெயர். ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகளை முதலில் பழகுங்கள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே பல எளிய பாட்டுகளுக்குத் துணை வாசிக்கலாம்.

ஒரு கார்டில் இருந்து அடுத்த கார்டுக்கு விரல் தடுமாறாமல் போக வேண்டும். அதுதான் கஷ்டம். மெதுவாகப் போங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

'எப்' என்று ஒரு கார்டு இருக்கிறது. ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்த வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் கித்தாரைப் பரணில் போடுகிறார்கள். பயப்பட வேண்டாம். அதைச் சில மாதம் தள்ளி வையுங்கள். விரலுக்கு வலு வந்ததும் தானாக வரும்.

விரல் நுனி வலிக்கும். சில வாரங்களில் தோல் தடித்து விடும். பிறகு வலி குறையும். கம்பி மெட்டில் இருந்து மிக உயரமாக இருந்தால் வலி அதிகம். அப்படி இருந்தால் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நைலான் கம்பி போட்ட கித்தார் விரலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் நைலான் கம்பிக்காகச் செய்த கித்தாரில் இரும்புக் கம்பியைப் பூட்டக் கூடாது. இழுப்புத் தாங்காமல் கித்தார் கெட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசிப்பதை விட, தினமும் இருபது நிமிடம் வாசிப்பது நல்லது.

ஏகலைவனும் கட்டை விரலும்

தானாகக் கற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"எனக்குக் குருவே கிடையாது" என்று மார் தட்டாதீர்கள். ஏகலைவன் மார் தட்டவில்லை. மண்ணால் துரோணர் சிலை செய்து வைத்து, வணங்கி விட்டுத்தான் வில்லை எடுத்தான். உங்களுக்குப் புத்தகம் எழுதியவர் ஒரு குரு. இசைத்தட்டில் வாசித்தவர் ஒரு குரு. இன்று கைப்பேசியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர்களும் குருமார்களே.

தானாகக் கற்றவனிடம் சில குறைகள் உண்டு. எனக்கும் உண்டு. தனியாகவே வாசித்துப் பழகுவதால் தாளம் ஓடும். தெரிந்த இடத்தில் வேகம். தெரியாத இடத்தில் மெதுவு. மணிக்கட்டைக் கோணலாக மடக்கிப் பிடித்துக் கை வலி வரும். வந்த பாட்டையே திரும்பத் திரும்ப வாசிப்போம். வராத பாட்டின் பக்கமே போக மாட்டோம்.

இவற்றுக்கு வைத்தியம் உண்டு. வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். வெட்கமாக இருக்கும். ஆனால் உண்மை தெரியும். வீட்டில் ஒருவரைக் கை தட்டித் தாளம் போடச் சொல்லுங்கள். மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்துங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கண்டால், "என் கையைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேளுங்கள். ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். கேட்பதில் கேவலம் இல்லை.

ஏகலைவன் தானாகக் கற்றதைத் தப்பு என்று நம் மக்கள் சொல்லுவது இல்லை. கட்டை விரலைக் கேட்டார்களே என்றுதான் இன்றும் வருத்தப்படுகிறார்கள்.

ஆண்டு விழாவில் என்னிடம் பேசிய பெரியவர் என் கட்டை விரலைக் கேட்கவில்லை. நானே வெட்டிக் கொடுத்து விட்டேன்!

நாலு பேர் முன்னால்

மேடைக்குப் போகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

முதலில் ஒருவர் முன்னால் வாசியுங்கள். அவர் உங்கள் தாயாக இருக்கலாம். மனைவியாக இருக்கலாம். பிறகு ஐந்து பேர். பிறகு தெருப் பொங்கல் விழா. பிறகுதான் பெரிய மேடை.

உங்களுக்குத் தெரிந்ததில் கடினமான பாட்டை மேடைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதைவிட எளிய பாட்டை எடுங்கள். பயத்தில் பாதித் திறமை பறந்து விடும். மீதி இருப்பதை வைத்து வாசிக்கும்படி பாட்டு இருக்க வேண்டும்.

ஏறுவதற்கு முன்னால் சுருதி சரி பாருங்கள்.

"எனக்குச் சரியாக வராது, மன்னிக்க வேண்டும்" என்று முன்னுரை சொல்லாதீர்கள். குறையைத் தேடச் சொல்லி நீங்களே காட்டிக் கொடுத்தது போல ஆகும்.

விரல் தவறினால் நிற்காதீர்கள். தாளத்தை மட்டும் விடாமல் மேலே போங்கள். தவறியது உங்களுக்குத் தெரியும். கேட்கிறவர்களில் பலருக்குத் தெரியாது.

இரண்டு பாட்டு வாசியுங்கள். "இன்னும் ஒன்று" என்று கேட்கும்போதே இறங்கி விடுங்கள்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பையனோ பெண்ணோ வாசித்து முடித்ததும், "யாரிடம் கற்றாய்?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். கையைத் தட்டுங்கள். குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாலு பேர் நடுவில் சொன்ன ஒரு வார்த்தை, 23 ஆண்டுகள் ஒரு வாத்தியத்தின் வாயை அடைத்து விடும். நான் அதற்குச் சாட்சி.

பெற்றோர்களே! படிப்புக் கெட்டுவிடும் என்று பயந்தால் நேரம் குறித்துக் கொடுங்கள். மாலையில் அரை மணி நேரம். தேர்வு நாட்களில் பத்து நிமிடம். ஆனால் அடியோடு பிடுங்கி வைக்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதே நியாயம்தான். எலிசபெத் காட்டன் பெண்தானே!

அம்மா கேட்டாள்

2019-ல் என் மகள் பரணில் எதையோ தேடப் போனாள். கித்தாரைக் கண்டு எடுத்து வந்தாள்.

"அப்பா, இது யாருது?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. "என்னுது" என்றேன்.

கம்பிகள் துருப்பிடித்து இருந்தன. புதுக் கம்பி வாங்கிப் போட்டோம். விரல்கள் எல்லாவற்றையும் மறந்து விடவில்லை. மூன்று கார்டுகள் ஞாபகம் இருந்தன. மகளும் நானும் சேர்ந்து மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினோம்.

அம்மாவுக்கு அப்போது 74 வயது. என்னுடன்தான் இருந்தாள். இப்போதும் இருக்கிறாள். ஆனால் அதற்குள் அவளுக்குக் காது போய் விட்டது. கருவி வைத்தும் பயன் இல்லை. எதைச் சொன்னாலும் காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

ஒரு நாள் மாலை மின்சாரம் போய்விட்டது. இந்தக் கித்தாருக்கு மின்சாரம் வேண்டியது இல்லை. கம்பி அதிர்ந்தால் மேல் பலகை அதிரும். பலகை அதிர்ந்தால் பெட்டிக்குள் இருக்கும் காற்று அதிரும். அதுதான் ஓசை. இருட்டில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டு இருந்தேன்.

அம்மா மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நிறுத்தவில்லை. அவள் கையை நீட்டினாள். கித்தார்ப் பலகையின் மீது உள்ளங்கையை வைத்தாள். பாட்டு முடியும் வரை எடுக்கவே இல்லை.

முடிந்ததும், "அன்னைக்கே வாசிச்சுக் காட்டியிருக்கலாமேடா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு என்ன பதிலை எழுதிக் காட்டுவது?

இப்போது வாரம் ஒரு நாள் வாசிக்கிறோம். மகள் பாடுகிறாள். பக்கத்து வீட்டார் நாலைந்து பேர் வருகிறார்கள். என் விரல் இன்னமும் தவறுகிறது. நான் நிற்பது இல்லை. அம்மாவின் கை பலகை மீது இருக்கிறது.

உங்கள் வீட்டில் ஒரு கித்தார் இருக்கலாம். புல்லாங்குழல் இருக்கலாம். ஆர்மோனியம் இருக்கலாம். "இன்னும் சரியாக வரவில்லை" என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அன்று வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். தூசியைத் தட்டி எடுங்கள். கேட்கக் காது இருக்கும்போதே வாசித்துக் காட்டுங்கள்!